புழு தின்னுச்சா, பூஞ்சை தின்னுச்சா?

தோட்டத்துச் சருகைக் கூட்டிக் கொளுத்தாதீர்கள், மூடாக்காக அப்படியே விடுங்கள் என்று போன இதழில் போகிற போக்கில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே பல்லவிதான்: விட்டோம், புழு வந்துவிட்டது, இப்போது என்ன செய்ய? சரி, இந்த இதழ் முழுக்கப் புழுவுக்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: ஏற்காட்டில் நாகலூர் பக்கம் எங்களுக்கு நாலு ஏக்கர் காபி. நிழலுக்குச் சில்வர் ஓக், இடையிடையே பலா, கொஞ்சம் முள்முருங்கை, மரத்தில் மிளகுக்கொடி. மழைக்குப் பிறகு சருகைக் கிளறினால் சில இடத்தில் வெள்ளை நூலாகப் பூஞ்சை ஓடியிருக்கிறது. இன்னும் சில இடத்தில் அந்த நூலையே காணோம், குண்டு குண்டாக வெள்ளைப் புழுவும் கருப்பாகப் புழுக்கையும்தான் கிடக்கின்றன. புழு பூஞ்சையைத் தின்று தீர்த்துவிட்டதா? பூஞ்சை போய்விட்டால் சருகு மக்குவது எப்படி? புழுவைக் கொல்லவா, விடவா?
- காபித் தோட்டக்காரர், நாகலூர்

பதில்: விடுங்கள் அண்ணா. முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டு விட வேண்டாம், அதைக் கடைசியில் சொல்கிறேன். நீங்கள் பார்த்தது சரியாகத்தான் பார்த்திருக்கிறீர்கள், புழு பூஞ்சையைத் தின்றுதான் இருக்கிறது, ஆனால் மக்குகிற வேலை அதனால் நிற்கவில்லை, வேலை செய்கிற ஆள்தான் மாறியிருக்கிறது.

ஒரு சில்வர் ஓக் இலையைக் கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். மேல்பக்கம் மெழுகு பூசின மாதிரி வழவழப்பு, அடிப்பக்கம் வெள்ளி மாதிரிப் பளபளப்பு, மடக்கினால் மொடமொடவென்று இருக்கும். லிக்னின் என்கிற மரச்சத்து அதில் அதிகம், தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், குறைவு. பக்கத்திலேயே விழுந்து கிடக்கிற முள்முருங்கை இலை சில வாரத்தில் கரைந்து காணாமல் போய்விடும், அது தழைச்சத்து நிறைந்த இலை, பாக்டீரியாவுக்கே போதும். சில்வர் ஓக் அப்படி மசியாது. லிக்னினை அடிவரைக்கும் உடைக்கிற நொதி ஒரு சில பூஞ்சைகளிடம்தான் நன்றாக இருக்கிறது. நீங்கள் பார்த்த வெள்ளை நூல் அநேகமாக அந்த ஆட்கள்தான். ஒரு இலையையும் அடுத்த இலையையும் நூல் போட்டுத் தைத்த மாதிரி ஒட்டிவைத்திருக்கும், மெதுவாக இழுத்தால் நாலைந்து இலை சேர்ந்தே வரும்.

இப்போது புழுவுக்கு வருவோம். புதிதாக விழுந்த காய்ந்த இலையை அது சீந்தாது. மழையில் ஊறி, பூஞ்சை ஏறி, கொஞ்சம் பதமான பிறகுதான் வாய் வைக்கும். சேலத்துக்காரர்களுக்குத் தட்டுவடை செட் என்றால் ஒரு நொடியில் புரியும். வெறும் தட்டுவடையை யாராவது ரோட்டில் நின்று சாப்பிடுவார்களா? மேலே தடவுகிற சட்னியும் துருவிப் போடுகிற கேரட் பீட்ரூட்டும்தான் விஷயமே. இலை தட்டுவடை, பூஞ்சையும் பாக்டீரியாவும் சட்னி. புழுவுக்குத் தேவையான தழைச்சத்தில் பெரும்பங்கு இலையிலிருந்து வருவதில்லை, இலைமேல் குடியிருக்கிற நுண்ணுயிர்களின் உடம்பிலிருந்து வருகிறது.

உள்ளே போன பிறகு நடப்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். இந்தக் குண்டுப் புழுக்களுக்குக் குடல் இரண்டு பெரிய அறை மாதிரி. முதல் அறையில், அதாவது நடுக்குடலில், கடுமையான காரம், மிளகாய்க் காரம் இல்லை, சோப்புக் காரம். ஆப்பிரிக்காவைச் சேர்ந்த ஒரு பூவண்டின் புழுவை ஜெர்மனியில் அறுத்து அளந்து பார்த்திருக்கிறார்கள், அங்கே பி.எச்., அதாவது புளிப்பையும் காரத்தையும் அளக்கிற எண், 10-க்கு மேல். சலவைச் சோடா கரைத்த தண்ணீர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பூஞ்சை நூல், இலையோடு வந்த பாக்டீரியா எல்லாம் அந்தக் காரத்தில் பெரும்பாலும் கரைந்து செரிக்கின்றன, மண்ணோடும் மக்கோடும் ஒட்டிக்கிடக்கிற புரதமும் அதில் கழன்று வந்துவிடுகிறது. அதைத் தாண்டிப் பின்குடல், பை மாதிரி உப்பியிருக்கும். புழுவின் பின்பாதி சாம்பல் கருப்பாக நிழலாடுகிறதே, அந்த இடம்தான். அங்கே காரம் கிடையாது, காற்றும் ரொம்பக் குறைவு, கோடிக் கணக்கில் வேறு பாக்டீரியா குடியிருக்கின்றன, நடுக்குடலில் தப்பி வந்த நார்ச்சத்தை அவை நொதிக்கவைத்துப் புழுவுக்குக் கொடுக்கின்றன. மாட்டுக்கு வயிற்றின் முன்பக்கம் இருக்கிற நொதிக்கவைக்கிற தொட்டி இதற்குக் குடலின் பின்பக்கம் இருக்கிறது, அவ்வளவுதான்.

அப்புறம் புழுக்கை. ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துத் துளி தண்ணீர் விட்டுக் கட்டைவிரலால் தேய்த்துப் பாருங்கள். பில்டரில் மிஞ்சின காபி மண்டி மாதிரி, மாவாக இழையும். இலையாகத் தின்றது மாவாக வெளியே வந்திருக்கிறது. தின்றதில் சிறு பங்குதான் புழுவின் உடம்பில் ஒட்டும், மிச்சம் முழுக்க இப்படித்தான் வந்து விழும். பொடியானதால் ஈரம் பிடித்துவைக்கும், மேற்பரப்பு பல மடங்கு, கூடவே புழு கழிக்கிற அம்மோனியா வேறு. பாக்டீரியாவுக்குக் கல்யாண விருந்து. முதல் சில நாளைக்குப் புழுக்கையில் பாக்டீரியா கொழிக்கும், மூச்சுவிடும் வேகம் சும்மா கிடக்கிற சருகைவிட அதிகமாக இருக்கும். நூலைக் காணோம் என்றீர்களே, அதற்கு இதுதான் காரணம்: அந்தத் திட்டில் ஆட்சி பூஞ்சையிடமிருந்து பாக்டீரியாவின் கைக்குப் போய்விட்டது. கொஞ்ச நாள் ஆறவிட்டால் ஓரத்திலிருந்து நூல் மறுபடி உள்ளே வரும்.

காபிக்கு இதில் என்ன லாபம்? பூஞ்சை நூல் தழைச்சத்தைத் தன் உடம்பில் பூட்டி வைத்துக்கொள்ளும், லேசில் விடாது. புழு அதைத் தின்று கழித்தால்தான் அந்தப் பூட்டு திறக்கிறது. காபியின் சத்து உறிஞ்சும் வேர் பெரும்பாலும் மேல்மண்ணில், முதல் ஓர் அடிக்குள்தான் இருக்கிறது. புழுக்கை சேர்ந்த இடத்தில் கையை விட்டு மெதுவாகத் தூக்கிப் பாருங்கள், பஞ்சு மாதிரி வெள்ளை வேர் அதற்குள் ஏறியிருந்தால் நான் மேற்கொண்டு சொல்ல எதுவும் இல்லை.

அளவு என்று ஒன்று இருக்கிறது. நீங்கள் காபிக்குக் கவாத்து பண்ணுகிறவர், உங்களுக்குச் சுலபமாகப் புரியும். அளவாக வெட்டினால் செடி துளிர்த்துக்கொண்டு வரும், கண்டபடி வெட்டினால் ஒடுங்கிவிடும். பூஞ்சையும் அப்படித்தான், புழுவும் பூச்சியும் லேசாக மேய்ந்தால் புது நூல் விட்டு முன்பைவிடச் சுறுசுறுப்பாக ஓடும், கூட்டமாக மேய்ந்தால் படுத்துவிடும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நானும் ரொம்ப நாள் தப்பாகத்தான் எழுதிக்கொண்டிருந்தேன். "புழு இருந்தால் சருகு சீக்கிரம் மக்கும்" என்பது பாதிதான் உண்மை. செக் நாட்டு மண் ஆய்வாளர்கள் ஒரு வகை ஈயின் புழுவுக்கு ஆல்டர் மர இலையைத் தின்னக் கொடுத்து, இலையையும் புழுக்கையையும் தனித்தனியாக வைத்துப் பல மாதம் கவனித்தார்கள். முதலில் புழுக்கைதான் வேகம். ஆனால் போகப் போக அது மந்தமாகி, கடைசியில் சும்மா கிடந்த இலையைவிட மெதுவாகத்தான் மக்கியது. சுலபமாகச் செரிப்பதை எல்லாம் புழுவும் முதல் வார பாக்டீரியாவும் வழித்துத் தின்றுவிட, மிச்சம் இறுகிப்போன உருண்டை. நமக்கு அதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. மண் கருப்பாக, பொலபொலப்பாக நிற்பதற்கு அந்த மெதுவாக மக்குகிற உருண்டைதானே காரணம். எல்லாமே மூணு மாதத்தில் கரைந்து காற்றில் போய்விட்டால் சரிவில் மழைக்கு எது நிற்கும்?

எப்போது கவலைப்பட வேண்டும்? புழு சருகு அடுக்கிலேயே இருந்தால் வேண்டாம். சருகுக்குக் கீழே மண்ணுக்குள் இறங்கி, அதுவும் புதிதாக நட்ட நாற்றின் காலடியில் இருந்தால், ஒரு செடியைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். கொறித்த தடம் இருந்தால் அது வேர்ப்புழு, வேறு ஜாதி. தோட்டம் முழுக்கக் குருணை மருந்தைத் தூவாமல் அந்த இடத்தை மட்டும் கவனியுங்கள். அப்புறம் இலைத்துரு நோய்க்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை அடிக்கிறீர்கள் என்றால், மயில்துத்தத்தில் இருக்கிற தாமிரம் இலையோடு விழுந்து சருகில் சேரும். பூஞ்சையைக் கொல்லத்தானே அடிக்கிறோம், அது நல்ல பூஞ்சை கெட்ட பூஞ்சை என்று ஆள் பார்ப்பதில்லை. அடிக்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன், துரு வந்தால் அடித்துத்தான் ஆகவேண்டும். வழிந்து தரையில் ஓடுகிற அளவுக்கு அடிக்க வேண்டாம் என்கிறேன்.

கேள்வி: மொட்டை மாடியில் பெயிண்ட் பக்கெட்டில் ஓட்டை போட்டுச் சமையலறைக் கழிவைப் போட்டு வருகிறேன். ஒரு மாதமாக அதில் தட்டையாக, பழுப்பாக ஆயிரக்கணக்கில் புழு. மூடியைத் திறந்தால் காகிதம் கசக்குகிற மாதிரிச் சத்தமே கேட்கிறது. சில புழு கருப்பாகிச் சுவரில் ஏறி மாடி முழுக்க நடக்கிறது. மாமியார் வெந்நீர் ஊற்றச் சொல்கிறார். ஊற்றலாமா?
- இல்லத்தரசி, அஸ்தம்பட்டி

பதில்: வேண்டாம் அம்மா. ஒரு காலத்தில் நான் ஊற்றியிருக்கிறேன். வெந்நீர் ஊற்றின மூணாம் நாள் செத்த புழுவும் ஊறின கழிவும் சேர்ந்து கிளப்பிய நாற்றத்தில், கீழ்வீட்டுக்காரர் பேச்சையே நிறுத்திவிட்டார். பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு போய் மண்ணில் புதைத்தும் பத்து நாளைக்கு மாடியில் அந்த வாடை போகவில்லை.

உங்கள் பக்கெட்டில் இருப்பது படைவீரன் ஈயின் புழு, கருப்புப் படைவீரன் ஈ என்பார்கள். வீட்டு ஈயின் புழு மெத்தென்று வெள்ளையாக, தலைப்பக்கம் கூராக இருக்கும். இது தோல் மாதிரிக் கெட்டியாக, பட்டை பட்டையாக இருக்கும், விரலில் நெருடும். தாய் ஈ குளவி மாதிரி ஒல்லியாக, கருப்பாக இருக்கும், வீட்டுக்குள் வந்து சாப்பாட்டுத் தட்டில் உட்காருகிற வழக்கமில்லை, ஒன்றிரண்டு வாரம் வாழ்ந்து முட்டையிட்டுப் போய்விடும். இந்தப் புழு மொய்க்கிற இடத்தில் வீட்டு ஈ முட்டை வைப்பது குறைகிறது, அது உங்களுக்கு உபரி லாபம்.

நுண்ணுயிர் விஷயத்தில் இது கொஞ்சம் முரட்டு ஆள். காபித் தோட்டத்துப் புழு பூஞ்சையும் பாக்டீரியாவும் சமைத்து வைக்கிற வரைக்கும் காத்திருக்கும், இது காத்திருக்காது, அழுகத் தொடங்கும்போதே விழுந்து தின்று பாக்டீரியாவோடு போட்டி போடும். கோழி எருவில் இந்தப் புழுவை விட்டுப் பார்த்த சோதனையில் வயிற்றுப்போக்கு உண்டாக்குகிற ஈ.கோலை, சால்மோனெல்லா கிருமிகளின் எண்ணிக்கை வேகமாகக் குறைந்தது. எல்லா எருவிலும் அதே மாதிரி நடக்கவில்லை, அதனால் புழு தின்றது சுத்தம் என்று கையைக் கழுவாமல் இருந்துவிடாதீர்கள். கிருமியை அடக்குகிற புரதங்களைப் புழுவே சுரக்கிறது, போதாததற்கு இத்தனை ஆயிரம் புழு நெளிந்து கிளறுவதில் காற்றும் உள்ளே போகிறது.

மாடி முழுக்க நடப்பவை கடைசிப் பருவத்துப் புழுக்கள். தீனியை நிறுத்திவிட்டு, காய்ந்த இருட்டு மூலை தேடிக் கூட்டுப்புழுவாகப் போகின்றன. பக்கெட்டின் விளிம்பில் ஒரு தேங்காய்மட்டையைச் சாய்த்துவைத்து, அதன் மறுமுனையைக் காய்ந்த சருகு போட்ட டப்பாவுக்குள் விட்டால் வரிசையாக ஏறி அதில் விழும். பக்கத்தில் யாராவது கோழி வளர்த்தால் அந்த டப்பாவுக்கு நல்ல மரியாதை உண்டு. பக்கெட் நாறுகிறது என்றால் புழுவைக் குறை சொல்ல முடியாது, தண்ணீர் அதிகம். ரசம், மோர், சாதம் வடித்த கஞ்சி இதெல்லாம் ஊற்றாதீர்கள், ஒவ்வொரு நாளும் ஒரு கை காய்ந்த இலையோ தேங்காய் நாரோ மேலே போடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. புழு தின்று முடித்த கருப்புக் கூழைப் பார்த்து உரம் தயார் என்று உடனே செடிக்குப் போடாதீர்கள், அது இன்னும் சூடான சரக்கு. புழுவெல்லாம் ஏறிப்போன பிறகு சருகோடு கலந்து சில வாரம் நிழலில் ஆறவிடுங்கள். அப்போதுதான் பூஞ்சையும் மண்வாசனை தருகிற ஆக்டினோமைசீட்ஸ் என்கிற பாக்டீரியாவும் வந்து குடியேறும், மோந்து பார்த்தால் முதல் மழை வாசனை வரவேண்டும். மாமியாரிடம் அந்த வாசனையைக் காட்டுங்கள், என்னைத் திட்டுவது குறையும்.

கேள்வி: எருக்குழியில் கட்டைவிரல் பருமனுக்குப் புழு. தென்னை மருந்து விற்கிறவர் எல்லாம் காண்டாமிருக வண்டு, உடனே கொல்லணும் என்கிறார். பக்கத்துத் தோட்டக்காரர் எருப்புழு நல்லது என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
- தென்னை, பாக்கு விவசாயி, வாழப்பாடி

பதில்: இரண்டு பேர் சொல்வதையும் விட்டுவிட்டுப் புழுவையே கேளுங்கள். களத்துச் சிமென்ட் தரையில் நாலைந்து புழுவை விட்டு ஐந்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். ஒன்று மல்லாக்கப் புரண்டு, கால் ஆறும் வானத்தைப் பார்த்திருக்க, முதுகாலேயே ஊர்ந்து போகிறதா? அது பூவண்டின் புழு. தலை சின்னது, கால் குட்டையாக இருக்கும். செத்த சருகு, மக்கு, சாணம் தவிர வேறெதையும் தொடாது, அதைக் குழியிலேயே போட்டுவிடுங்கள். முதுகால் நடக்கிற புழுவை முதல்முறை பார்த்தபோது ஏதோ நோய் வந்துதான் இப்படிப் போகிறது என்று நினைத்தேன், அதற்கு அதுதான் நடை.

காண்டாமிருக வண்டின் புழு அப்படி நடக்காது. பெரிசு, பழுப்புத் தலை அகலமாக இருக்கும், பிறை மாதிரிச் சுருண்டு பக்கவாட்டில் படுத்துக் கிடக்கும். ஆனால் இங்கே ஒரு வேடிக்கை. குழிக்குள் இருக்கிறவரை இதுவும் உங்களுக்கு வேலைக்காரன்தான், மக்கைத்தான் தின்கிறது, குடலில் பாக்டீரியாவை வளர்த்துப் புழுக்கையாகத் தள்ளுகிறது. பருவம் முடிந்து வண்டாகிப் பறந்து போய்த் தென்னையின் குருத்தைக் குடையும்போதுதான் எதிரி. மட்டை விரிந்ததும் கத்தரியால் வெட்டின மாதிரி முக்கோணமாகத் தெரியுமே, அது இதன் கைவரிசை. புழுவாக மாதக்கணக்கில் குழியில் கிடக்கிறது, அதனால் ஒரே எருவை வருஷம் முழுக்கக் கிளறாமல் வைத்திருந்தால் வண்டு வளர்க்கிறோம் என்று அர்த்தம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கிளறிவிடுங்கள். கிளறுகிற அன்றைக்குக் கோழியை அவிழ்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

மிச்சத்துக்குப் பூஞ்சை இருக்கிறது. மெட்டாரைசியம் என்று வேளாண் துறைக் கடைகளில் கேட்டால் கொடுப்பார்கள், பச்சை மஸ்கார்டைன் பூஞ்சை என்றும் பெயர். மேலே ஏற்காட்டுக்காரர் புழு பூஞ்சையைத் தின்கிறது என்று கவலைப்பட்டார் இல்லையா, உங்கள் குழியில் கணக்கைத் திருப்பிப் போடலாம். பூஞ்சையின் வித்து புழுவின் தோலில் ஒட்டி, முளைத்து, தோலைத் துளைத்து உள்ளே போகும். செத்த புழு விறைத்துப்போய் முதலில் வெள்ளைப் பஞ்சு போர்த்தும், பிறகு பாசிப் பச்சையாக மாவு பூசின மாதிரி ஆகும். அந்தப் புழுவை வெளியே வீசாதீர்கள், குழிக்குள்ளேயே மறுபடி புதைத்துவிடுங்கள், அதுவே அடுத்த தவணை மருந்து. குழியில் ஈரமும் நிழலும் இருக்க வேண்டும், வெயிலில் காய்ந்த எருவில் இந்தப் பூஞ்சை ஒன்றும் செய்யாது. பூஞ்சைக்கொல்லி எதையும் அதே குழியில் கலந்துவிட்டு என்னிடம் வந்து மருந்து வேலை செய்யவில்லை என்று சொல்லக் கூடாது. பூவண்டுப் புழுக்களிலும் சில சாகலாம், அதைத் தவிர்க்க வழியில்லை.

பூச்சியைக் கொல்ல பூச்சிமருந்துக்குப் பதில் நோயை ஏவலாம் என்று இந்தப் பூஞ்சையை வைத்து 1879-ல் எழுதியவர் இலியா மெச்னிகோவ், அன்றைய ரஷ்யப் பேரரசில் கோதுமை வண்டின் புழுவில் இதைக் கண்டவர். உடம்பின் எதிர்ப்புச் சக்தியைப் பற்றின ஆராய்ச்சிக்காக 1908-ல் நோபல் பரிசு பெற்றவரும் அவரேதான். தயிர் சாப்பிட்டால் ஆயுள் நீளும் என்று பிரசாரம் செய்தவரும் அவர்தான், அதை நம் ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

தென்னந்தோப்பில் பறந்து திரிகிற வண்டுக்கு ஆமணக்குப் புண்ணாக்கு கரைசல் வைத்த பானைகளை அங்கங்கே புதைத்து வையுங்கள், ஒரு கிலோவுக்கு ஐந்து லிட்டர் தண்ணீர். நாற்றத்துக்கு வந்து விழும்.

கேள்வி: சார், நான் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறேன். அறிவியல் கண்காட்சிக்குச் சருகு மக்குவதைப் பற்றிச் செய்யலாம் என்று இருக்கிறேன். மக்கவைப்பது புழுவா, நுண்ணுயிரா என்று கண்டுபிடிக்க ஏதாவது வழி சொல்லுங்கள். மைக்ராஸ்கோப் எல்லாம் கிடையாது.
- மாணவர், ஓமலூர்

பதில்: மைக்ராஸ்கோப் வேண்டாம் தம்பி, கொசுவலை போதும். வேப்பிலை வேண்டாம், ரொம்ப வேகமாகப் போய்விடும். பலா இலையோ மா இலையோ, தானாக உதிர்ந்ததாக எடுத்துக்கொள். வெயிலில் மொறுமொறுவென்று காயவைத்து, பத்துப் பத்து கிராமாக எடை போடு, மளிகைக் கடை எலெக்ட்ரானிக் தராசு போதும். பாதியைக் கொசுவலையில் பை தைத்துப் போடு, பாதியைச் சின்ன வெங்காயம் வருகிற வலைப்பையில் போடு. ஒவ்வொன்றிலும் ஆறு ஏழாவது வேண்டும், ஒன்றை மட்டும் வைத்துவிட்டு நாய் இழுத்துப் போய்விட்டது என்று சொல்லாதே. மரத்தடியில் சருகை விலக்கி, பைகளை மண்ணோடு ஒட்டவைத்து, மேலே சருகு போட்டு மூடு. மாதம் ஒரு ஜோடியை எடுத்து, மண்ணைத் தூரிகையால் தட்டிவிட்டு, மறுபடி காயவைத்து எடை பார். வெங்காயப் பைக்குள் புழுவும் மரவட்டையும் புகும், கொசுவலைக்குள் பொடிசுகளும் நுண்ணுயிரும் மட்டும்.

வலைப்பையில் இலையைக் கட்டிப் போடுகிற இந்த முறையை 1957 வாக்கில் இங்கிலாந்தில் தொடங்கினார்கள், இன்றைக்கும் உலகம் முழுக்க இதுதான். 1960-களில் அங்கே ரோதாம்ஸ்டட் ஆய்வு நிலையத்தில் வலைக்கண்ணை 7 மில்லிமீட்டரிலிருந்து 0.003 மில்லிமீட்டர் வரை மாற்றி மாற்றி இலைத்துண்டுகளைப் புதைத்தார்கள். நுண்ணுயிர் மட்டுமே நுழைகிற ஆகச் சின்னக் கண் பையில், ஒன்பது மாதம் கழித்தும் இலை பார்ப்பதற்கு அப்படியே இருந்ததாம். "பார்ப்பதற்கு" என்ற சொல்லை அடிக்கோடு போட்டுக்கொள். இலை முழுசாகத் தெரியும்போதே உள்ளே சத்து கரைந்து எடை குறைந்துகொண்டிருக்கலாம், அதனால்தான் தராசு.

ஆசிரியர் உன்னை மடக்குகிற இடம் இரண்டு. ஒன்று, பெரிய கண் பையில் நொறுங்கின துண்டு வெளியே கொட்டிப்போகும், அதையும் மக்கியது என்று கணக்கில் சேர்த்துவிடுவாய். இரண்டு, கொசுவலைப் பை ஈரத்தைப் பிடித்துவைக்கும், அது நுண்ணுயிருக்குச் சாதகம். இந்த இரண்டையும் நீயே முதலில் எழுதி வைத்துவிட்டால் மடக்க முடியாது. வலைக்குப் பதிலாகப் பாச்சை உருண்டை போட்டுப் பூச்சியைத் துரத்தலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். ஆய்வாளர்களே ரொம்ப வருஷம் அதைத்தான் செய்தார்கள், பிறகு பார்த்தால் அந்த நாப்தலினையே சாப்பாடாகத் தின்கிற பாக்டீரியா மண்ணில் இருக்கிறது. புழுவைத் துரத்தப் போய் நுண்ணுயிருக்குத் தீனி போட்ட கதை.

கண்காட்சி மேசைக்கு ஒரு சின்ன வேடிக்கையும் சொல்கிறேன். வெற்றிலைச் சுண்ணாம்பைத் தண்ணீரில் கலக்கி இரவு முழுக்கத் தெளியவிட்டு, மேல் தெளிவை மட்டும் எடு. கையில் படாமல், கண்ணில் தெறிக்காமல் பார்த்துக்கொள். மூணு ஹார்லிக்ஸ் பாட்டில். ஒன்றில் ஈரச் சருகு, ஒன்றில் அதே எடைக்குப் புதுப் புழுக்கை, ஒன்று காலி. ஒவ்வொன்றுக்குள்ளும் சின்னக் கிண்ணத்தில் சம அளவு சுண்ணாம்புத் தெளிவை வைத்து இறுக மூடு. நுண்ணுயிர் விடுகிற கரியமில வாயுவுக்குத் தெளிவு பால் மாதிரி வெளுக்கும். நான் செய்தபோது புழுக்கைப் பாட்டிலில் மறுநாள் காலையிலேயே ஆடை கட்டிவிட்டது, சருகு பாட்டிலில் அன்று சாயங்காலம்தான் மங்கத் தொடங்கியது. புழுவை உள்ளே விட்டுவிடாதே, அது விடுகிற மூச்சும் சேர்ந்து கணக்கைக் கெடுத்துவிடும். பழைய புழுக்கையை வைத்தும் ஒருமுறை செய்து பார், நாகலூர்க்காரருக்கு நான் எழுதின பதிலைப் படித்துவிட்டு என்ன ஆகும் என்று முதலில் ஊகித்து எழுதிவைத்துக்கொண்டு.

கேள்வி: மண்ணில் இருக்கிற புழுக்கள் மீத்தேன் விடுகின்றன என்று படித்தேன். உண்மையா?
- வாசகர், அயோத்தியாப்பட்டணம்

பதில்: விடுகின்றன. எல்லாப் புழுவும் இல்லை, பின்குடலில் காற்றில்லாத பை வைத்திருக்கிற பூவண்டு வகைகள் கொஞ்சம் விடுகின்றன, கரையானும் விடுகிறது. மாட்டோடு பக்கத்தில் வைத்துப் பேசுகிற அளவெல்லாம் இல்லை.

கேள்வி: மழைக்காலத்தில் வெள்ளைப் பூஞ்சை பிடித்த சருகைக் கையால் அள்ளலாமா?
- வாசகி, கொண்டப்பநாயக்கன்பட்டி

பதில்: ஈரமாக இருக்கும்போது அள்ளுங்கள், காய்ந்து தூள் பறக்கிறபோது மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள். ஆஸ்துமா இருக்கிறவர்கள் அந்த வேலையை வேறு யாரிடமாவது விட்டுவிடலாம். கையுறை போட்டுக்கொள்வது பூஞ்சைக்காக இல்லை, மலையடிவாரச் சருகுக்குள் தேளும் பூரானும் உங்களுக்கு முன்னாலேயே குடிவந்திருக்கும்.